முப்பத்தாறு யூனிற்றுக்குக் கீழே

ஈஸ்ட் ஹாம், லண்டன்
12.10.2008

என் அன்பு அண்ணாவுக்கு,

மாதாவின் காவலில் நீங்களும் மச்சாளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். டினோஷாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. நேர்சரிக்குப் போகிறாள். வீட்டில் நம்முடைய பேச்சு, வாசலைத் தாண்டினால் இங்கிலீஷ்.

போனை எடுக்காமல் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போன் அட்டை சுகம் விசாரித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. இது எண்கள் சம்பந்தமான விஷயம். தாளில் இருந்தால்தான் உங்களுக்கும் வசதி.

போன மாதம் வீடு மாறினோம். பிறின்ஸின் வேலைக்குக் கிட்ட. ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை. இந்த வீட்டில் கரண்டுக்கும் காஸுக்கும் முதலில் காசு கட்டவேண்டும். கரண்டுக்குப் பூட்டுத் திறப்புப் போல ஒரு பிளாஸ்டிக் திறப்பு, காஸுக்கு ஒரு அட்டை. இரண்டையும் கடைக்குக் கொண்டுபோய்க் காசு ஏற்றி வந்து மீட்டரில் செருகினால்தான் வீடு வேலை செய்யும். காசு முடிந்தால் எல்லாம் நின்றுவிடும்.

வாசலில் இரண்டு கொம்பனிகளின் விளம்பரத் தாள் கிடந்தது. மஞ்சள் தாள்காரர் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் ஒரு நாளைக்கு இருபது பென்ஸ் எடுப்பார்கள். அதற்கு மேல் கரண்ட் யூனிற் ஒன்று பன்னிரண்டு பென்ஸ். நீலத் தாள்காரருக்கு நாள் வாடகை இல்லை. ஆனால் கிழமைக்கு முதல் பதினேழு யூனிற்றும் பதினெட்டு பென்ஸ் வீதம், பிறகு பதினாலு. காஸ் இரண்டு பேரிடமும் ஒரே விலைதான். நாளுக்கு இருபது பென்ஸ், மீட்டரில் ஓடுகிற ஒவ்வொரு யூனிற்றுக்கும் அறுபத்தைந்து.

எது மலிவு அண்ணா? பிறின்ஸுக்கு இரவு வேலை, இதையெல்லாம் பார்க்க நேரம் இல்லை. எங்கள் குடும்பத்தில் கரண்ட் தெரிந்தவர் நீங்கள்தானே.

மச்சாளுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
இமெல்டா, பிறின்ஸ், டினோஷா


தாண்டவன்வெளி, மட்டக்களப்பு
02.11.2008

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. நீங்கள் மூவரும் நன்றாக இருப்பதில் எங்களுக்கு ஆறுதல். எனக்கு முழங்கால் வலி. மச்சாளுக்கு என்னைப் பார்த்து வருகிற தலைவலி. வேறு குறை இல்லை.

இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் மீட்டர் படிக்கிறேன். நாலு தரம் நாய் கடித்திருக்கிறது. பில் கூடிவிட்டது என்று சண்டை பிடிக்காத வீடு இல்லை. ஆலோசனை என்று ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் திரிந்தேன்.

பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளை அக்காவுக்கும் விஷயத்தைச் சொன்னேன். அவவுக்கு ஒரே கவலை. "மறுகா எப்பிடி மனே, காசு முடிஞ்சா சோறு அரைவாசி வெந்தபடி நிண்டிருமா?" என்று கேட்டா. நிற்கும் என்றேன். "அப்ப அது என்ன சீமை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. இங்கே நாங்கள் எரித்துவிட்டுக் காசைக் கொடுக்கிறோம், அங்கே காசைக் கொடுத்துவிட்டு எரிக்கிறீர்கள். நம்மை நம்புகிற அரசாங்கம் என்று ஒரு விஷயத்திலாவது சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது கணக்கு. எது மலிவு என்பதை விலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டைப் பார்த்துத்தான் சொல்லலாம். கிழமைக்கு முப்பத்தாறு யூனிற் எரித்தால் இரண்டும் ஒரே காசு. போட்டுப் பார், ஐந்து பவுண் எழுபத்திரண்டு பென்ஸ். முப்பத்தாறுக்கு மேலே போகிற வீட்டுக்கு மஞ்சள் நல்லது. கீழே நிற்கிற வீட்டுக்கு நீலம். மூன்று பேர், பகலில் நித்திரை கொள்கிற மனிசன், அவருடைய சேட்டுக்கு அயன், டிவி என்று பார்த்தால் நாற்பதுக்குக் குறையாது. ஆகவே மஞ்சள் என்று நினைக்கிறேன்.

ஆனால் நினைத்து எழுதுகிற ஆளை எங்கள் கந்தோரில் வைத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போய் வந்தவுடன் இரண்டு மீட்டரையும் பார்த்து எழுது. எவ்வளவு காசு ஏற்றினாய் என்பதையும் எழுது. மூன்று கிழமைக் கணக்கு வரட்டும்.

பிறின்ஸைக் கேட்டதாகச் சொல். இரவு வேலைக்காரன் பகலில் சாப்பிட மறக்கக்கூடாது. மருமகளுக்கு மாமாவின் கொஞ்சல்.

உன் அண்ணன்,
ஜெயராஜா


ஈஸ்ட் ஹாம்
08.12.2008

அன்புள்ள அண்ணா,

உங்கள் முழங்காலுக்கு ஒரு பூச்சு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன். நாங்கள் சுகம். குளிர்தான் வருடத்துக்கு வருடம் கூடுகிறது. வீட்டுக்குள் கதகதப்பாக இருக்கிறோம், யோசிக்க வேண்டாம்.

நீங்கள் சொன்னபடியே எழுதினேன். முதல் கிழமை கரண்ட் இருபத்து நாலு, காஸ் மூன்று. இரண்டாம் கிழமை கரண்ட் இருபத்து நாலு, காஸ் மூன்று. அந்தக் கிழமை முழுவதும் பிறின்ஸ் பாரிஸில், சிநேகிதர் ஒருவரின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். மூன்றாம் கிழமை கரண்ட் இருபத்து மூன்று, காஸ் நாலு. அவர் திரும்பி வந்த ஞாயிறு பெரிய சமையல். கோழி வாங்கி வந்து தானே புரியாணி போட்டார். குசினியைத் துடைக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

காஸுக்குக் கிழமைக்குப் பத்துப் பவுண் ஏற்றுகிறேன். சனிக்கிழமைக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. கரண்ட் பரவாயில்லை. இந்த ஹீற்றர்தான் காசைக் குடிக்கிறது.

டினோஷா மீட்டருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு ஏறி நின்று, "மாமாவுக்கு நான் சொல்றன்" என்று எண்களை வாசிக்கிறாள். ஏழையும் ஒன்றையும் மாற்றிச் சொல்கிறாள். நான் திரும்பச் சரி பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

நத்தாருக்கு இரண்டு பேரும் புது உடுப்பு எடுங்கள். அம்மாவுக்கு நாலாம் வருடப் பூசை கொடுக்கும்போது என் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
இமெல்டா, பிறின்ஸ், டினோஷா


தாண்டவன்வெளி
27.12.2008

அன்பின் இமெல்டா,

நேற்று அம்மாவுக்கும் அவவோடு கடல் கொண்டுபோன டச்பார் ஆட்கள் எல்லோருக்கும் பூசை நடந்தது. உன் பெயரைச் சுவாமியார் தெளிவாகவே வாசித்தார். பிறகு மச்சாளும் நானும் கடற்கரைக்குப் போனோம். நம் வீடு நின்ற இடத்தில் அத்திவாரக் கல் மட்டும் மணலுக்கு மேலே தெரிகிறது. அதில் யாரோ வலை காயப் போட்டிருந்தார்கள்.

உன் கணக்கைப் பார்த்தேன்.

நீலத் தாளை எடு.

அடுத்தது காஸ். இங்கே நாங்கள் சிலிண்டர் ஆட்கள், குழாய்க் காஸ் எனக்குத் தெரியாது. ஆனால் கூட்டல் கழித்தல் தெரியும். மூன்று யூனிற்றுக்கு ஒரு பவுண் தொண்ணூற்றைந்து. ஏழு நாள் வாடகை ஒரு பவுண் நாற்பது. மொத்தம் மூன்று பவுண் முப்பத்தைந்து. நீ ஏற்றியது பத்து. மிச்சம் ஆறு பவுண் அறுபத்தைந்து பென்ஸ் எங்கே? ஹீற்றர் குடித்திருந்தால் அது மீட்டரில் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. எரியாத காஸுக்கு யாரோ காசு எடுக்கிறார்கள்.

அந்த அட்டை யார் தந்தது? உன் பெயருக்கு வந்ததா, அல்லது வீட்டில் கிடந்ததா? உடனே விசாரித்து எழுது.

டினோஷாவுக்குக் கம்பளி உடுப்பு போதுமா? நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உங்கள் இருவரையும் மாதா பார்த்துக்கொள்வா.

உன் அண்ணன்,
ஜெயராஜா


ஈஸ்ட் ஹாம்
11.01.2009

அன்புள்ள அண்ணாவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். எல்லோரும் சுகம்.

அட்டை குசினியில் கரண்டி போடுகிற லாச்சிக்குள் கிடந்தது. வீட்டுக்காரர் அதைப் பாவிக்கச் சொன்னார். கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். முன்னர் இருந்தவர் கட்டாமல் விட்ட காசு அந்த அட்டையில் ஏறியிருக்குமாம். காசு ஏற்ற ஏற்ற மீட்டர் அதைக் கிழமைக் கணக்கில் கழித்துக்கொண்டே இருக்குமாம். கொம்பனிக்குப் போன் எடுத்து, இந்த வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறோம் என்று பதிந்தால் புது அட்டை அனுப்புவார்கள் என்றார். பிறின்ஸுக்கு ஓய்வு வரும்போது பேசச் சொல்கிறேன். இந்த விஷயங்களில் அவர்தான் பேசவேண்டும்.

நீலம் என்று எழுதியிருந்தீர்கள். பிறின்ஸ் மஞ்சள்தான் நல்லது என்கிறார். இன்னும் முடிவெடுக்கவில்லை.

போன கடிதத்தில் அவரை விசாரிக்க மறந்துவிட்டீர்கள். அவருக்கு மனவருத்தம்.

மச்சாளின் தலைவலிக்கு வெந்நீர் ஆவி பிடிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
இமெல்டா, பிறின்ஸ், டினோஷா


தாண்டவன்வெளி
08.02.2009

இமெல்டா,

நாங்கள் சுகம். நீங்கள் இருவரும் சுகமா?

பேப்பரில் லண்டன் படம் பார்த்தேன். சிவப்பு பஸ்ஸின் சில்லு பாதிக்குப் பனியில் புதைந்து நிற்கிறது. பதினெட்டு வருடத்தில் இப்படிப் பனி விழவில்லையாம். இலட்சுமிப்பிள்ளை அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அந்தக் குஞ்சுப் புள்ள என்ன செய்யுதோ" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறா.

புது அட்டை வந்ததா? ஒரு வரி எழுது, போதும்.

விசாரிக்க மறந்ததாக எழுதியிருந்தாய். நான் மறக்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

அண்ணன்


தாண்டவன்வெளி
15.03.2009

என் அன்புத் தங்கச்சிக்கு,

நான் எழுதி ஐந்து கிழமை, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் எடுத்தால் மணி அடித்து நின்றுவிடுகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் பகுதியில் ஒரு வெள்ளைக்கார நோனா இருக்கிறா. சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனத்தில் வேலை. அவவின் வாகனச் சாரதி காத்தான்குடிச் சரீப், என்னோடு நல்ல பழக்கம். போன கிழமை அங்கே மீட்டர் படிக்கப் போனபோது உன் காஸ் கணக்கைக் காட்டி, லண்டனில் இரண்டு அறை வீட்டுக்குக் குளிர் மாதத்தில் கிழமைக்கு எத்தனை யூனிற் போகும் என்று கேட்டேன். நோனா தாளை வாங்கிப் பார்த்தா. இன்னொரு தரமும் பார்த்தா. பிறகு சரீபிடம் என்னவோ வேகமாகச் சொன்னா.

"ஜெயராஜா, இருவது இருவத்தஞ்சுக்குக் குறையாதாம்" என்றான் சரீப். "மூணுல சமைக்கலாமாம், கொஞ்சம் சுடுதண்ணி எடுக்கலாமாம். அவ்வளவுதானாம். நோனா கேக்கிறா, இந்த ஊட்டுல ஆராச்சும் இரிக்காங்களா எண்டு."

ஓம், இருக்கிறார்கள் என்றேன். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாவிக்கரை வரைக்கும் நடந்தே வந்தேன்.

இமெல்டா, நீ ஹீற்றர் போடுவதில்லை. காசை மீட்டர் விழுங்குவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டாய். கதகதப்பாக இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறாய், அது பொய்.

மற்றதையும் எழுதிவிடுகிறேன். பிறின்ஸ் பாரிஸுக்குப் போன கிழமையில் கரண்ட் இருபத்து நாலு. அவர் வீட்டில் இருந்த கிழமையிலும் இருபத்து நாலு. ஒரு ஆள் ஏழு நாள் வீட்டில் இல்லை, ஒரு தேத்தண்ணி, ஒரு குளிப்பு, ஒரு சேட் குறையவில்லை. அவர் திரும்பி வந்து புரியாணி போட்ட கிழமையில் ஒரு யூனிற் குறைந்திருக்கிறது. எந்த வீட்டிலும் அப்படி நடக்காது. நான் நீலம் என்று எழுதியது இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு. அது உனக்கு விளங்கியிருக்கும். அதனால்தான் அவர் மஞ்சள் என்கிறார் என்று எழுதினாய்.

எப்போதிருந்து தனியாக இருக்கிறாய்?

இந்த நேரத்தில் இங்கே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வடக்கில் நடப்பது உனக்கு என்னைவிடக் கூடத் தெரியும், அங்கே டிவியில் காட்டுவார்கள். ஆனாலும் பின்னறை சும்மாதான் கிடக்கிறது என்று மச்சாள் எழுதச் சொன்னா. நீ எதையும் இப்போது முடிவெடுக்க வேண்டாம். டினோஷா குளிரில் கிடக்கக்கூடாது. அது ஒன்றுதான் இப்போது. அந்தக் கொம்பனிக்குப் போன் எடு. நீயே எடு.

மாதா துணை.

அண்ணன்


ஈஸ்ட் ஹாம்
02.04.2009

அண்ணா,

நலமாக இருப்பீர்கள்.

மீட்டரைப் படிக்கச் சொன்னேன். என்னைப் படிக்கச் சொல்லவில்லை.

நோனாவிடமும் சரீபிடமும் காட்டினீர்கள். மச்சாளுக்கும் தெரியும். அப்படியென்றால் இலட்சுமிப்பிள்ளை அக்காவுக்கும் தெரியும், தாண்டவன்வெளிக்கே தெரியும். இமெல்டாவை மனிசன் விட்டுவிட்டுப் போய்விட்டான், அவள் பிள்ளையைக் குளிரில் போட்டு வைத்திருக்கிறாள். இதைக் கேட்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் பாடுபட்டேன்.

என் விசா அவருடைய பெயரில் வந்தது. தனியாக இருக்கிறேன் என்று எங்காவது எழுத்தில் பதிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பள்ளிக்கூடத்திலும் டொக்டரிடமும் வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் என்றுதான் சொல்கிறேன். கொம்பனிக்காரனும் அதையே கேட்பான். உங்களுக்கு அங்கே உட்கார்ந்துகொண்டு போன் எடு என்று எழுதுவது சுகம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். டிசம்பரிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு நீலத் தாள் என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தீர்கள். மூன்று மாதம். இந்த நாட்டின் மோசமான மூன்று மாதம். பிறின்ஸை விசாரிக்காமல் விட்டால் எனக்கு விளங்கும் என்று நினைத்தீர்களா? விளங்கியது. ஒவ்வொரு தரமும் கடிதத்தின் அடியைத்தான் முதலில் பார்த்தேன், அவருடைய பெயர் இருக்கிறதா என்று. நேராக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அன்றைக்கே அழுதிருப்பேன்.

இமெல்டா


தாண்டவன்வெளி
24.05.2009

அன்பான தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. நாலு தரம் பதில் எழுதிக் கிழித்தேன். உனக்கும் பிள்ளைக்கும் உடம்பு சுகமா என்பதைக்கூட எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியவில்லை. மச்சாளைத் தவிர இங்கே ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. சரீபிடம் அது யாருடைய வீடு என்று சொல்லவில்லை. இதை மட்டும் நம்பு.

சண்டை முடிந்துவிட்டது. உனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை நான் கல்லடியில் மீட்டர் படிக்கப் போனேன். பாலத்துச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் போகிற வருகிற எல்லோருக்கும் வெற்றிக்குப் பாற்சோறு கொடுத்தார்கள். வாங்கினேன். வாங்காமல் போக முடியாது. வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தை ஒடுக்கி வைத்திருந்தார்கள். ஆட்கள் அதற்கு முன்னால் இருந்தார்கள். நான் வந்ததையும் போனதையும் யாரும் கவனிக்கவில்லை. பில் கூடிவிட்டது என்று அன்று ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவேயில்லை. இதற்கு மேல் கடிதத்தில் எழுதக்கூடாது.

நீ கேட்டதற்குப் பதில் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. அங்கே அன்னப்பூரணி என்று ஒருவர் இருந்தா. சுனாமியில் புருசனும் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள், வீடு மட்டும் நின்றது. அடுத்த மார்ச்சில் கரண்ட் திருப்பிக் கொடுத்தோம். ஏப்ரலில் நான் படித்தது ஒன்பது யூனிற். மே மாதம் நாலு. ஜூன் ஒன்று. ஒவ்வொரு மாதமும் வாசல் படியில் இருப்பா. ஜூலையில் ஒன்றுமே ஓடவில்லை.

"லைற் எரியுதா அக்கா?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி, எரியுது" என்றா.

எங்கள் பழைய இன்ஸ்பெக்டர் கோணாமலை ஐயா என்னை வேலைக்கு எடுத்த அன்றே சொன்னது, "தம்பி, மீட்டரைப் படி. மனிசரைப் படிக்கிறது நம்மட வேலை இல்ல." நான் நல்ல வேலைக்காரன். மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். ஓடவில்லை. "மீட்டர் பழுது, மாற்றவும்" என்று ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்துப் புது மீட்டர் கொண்டுபோனவர்கள்தான் அவவைக் கண்டார்கள். உயிர் போய் மூன்று நாளாகியிருந்தது. குசினியில் ஒரு பானையிலும் ஈரம் இல்லை. கழற்றிக்கொண்டு வந்த மீட்டரைக் கந்தோரில் சோதித்தார்கள். அதில் ஒரு பழுதும் இல்லை. அந்தப் படிவத்தில் இருக்கிறது என் கையெழுத்து.

இதை மச்சாளுக்கும் நான் சொன்னதில்லை. உன் கணக்கு வந்த அன்று எனக்கு அந்த ஒன்பது, நாலு, ஒன்றுதான் ஞாபகம் வந்தது. அப்படியிருந்தும் நீலத் தாள் என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தேன். நேராகக் கேட்டால் உனக்கு வெட்கமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் எனக்குத்தான். ஒரு ஆளிடம் என்ன நடந்தது என்று கேட்க எனக்குத் தெரியாது, தங்கச்சி. இருபத்திரண்டு வருடமாக வீட்டுக்குள் போய், எண்ணை எழுதி, வெளியே வந்து பழகிவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்.

உன் பதில் வராவிட்டாலும் நான் எழுதுவேன்.

உன் அண்ணன்,
ஜெயராஜா


ஈஸ்ட் ஹாம்
09.06.2009

என் அண்ணாவுக்கு,

நீங்களும் மச்சாளும் அங்கே பத்திரமாக இருக்கிறீர்கள் என்ற ஒரு வரிக்காகத்தான் உங்கள் கடிதத்தை உடைத்தேன். மற்றதையெல்லாம் பிறகு இருந்து வாசித்தேன். அன்னப்பூரணி அக்காவுக்காக இங்கே கோவிலில் ஒரு மெழுகுதிரி வைத்தேன். உங்களுக்காகவும் ஒன்று. மன்னிப்பு என்று இனி எழுத வேண்டாம்.

போன கடிதத்தைத் தபாலில் போட்ட அடுத்த நாளே கொம்பனிக்குப் போன் எடுத்துவிட்டேன். ரோசத்தில் உங்களுக்கு எழுதவில்லை. அதையும் இன்றைக்குச் சொல்கிறேன்.

அரை மணித்தியாலம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள். பெயர், விலாசம், மீட்டர் இலக்கம் எல்லாம் கேட்டாள். பிறகு, வீட்டில் எத்தனை பெரியவர்கள் என்றாள். இரண்டு என்றேன். பழக்கம், வாய் தானாகவே சொல்கிறது. அவள் தட்டெழுதுவது கேட்டது. மற்றவரின் முழுப்பெயர் என்ன என்றாள்.

எனக்குச் சொல்ல வரவில்லை அண்ணா. அந்தப் பெயரை உங்களுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் நான் போட்டிருக்கிறேன். வாயால் சொல்லிப் பல மாதம். டினோஷாவுக்கு முன்னால் சொல்வதே இல்லை. உங்களுக்கு நான் போன் எடுக்காததும் அதனால்தான். எடுத்தால் கடைசியில் "எங்க, அவரிட்டக் குடு" என்று கேட்பீர்கள்.

ஹலோ, இருக்கிறீர்களா என்று அவள் கேட்டாள். மன்னிக்கவும், ஒருவர்தான் என்றேன். நானும் என் மகளும். எப்போதிலிருந்து என்றாள். படிவத்துக்காகக் கேட்டிருப்பாள். நான் போன வருடம் பெப்ரவரி பதினேழு என்றேன். அன்றைக்கு நாங்கள் இந்த வீட்டிலேயே இல்லை, அது அவர் போன திகதி. அவள் இந்த வீட்டுக்கு வந்த திகதியைத்தான் கேட்டிருக்கிறாள். பிறகு விளங்கி, செப்டம்பர் என்று மாற்றிச் சொன்னேன். போனை வைத்துவிட்டு மீட்டருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து அழுதேன். உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்துக்கு எட்டு மாதம் முந்தியே அவர் போய்விட்டார். புரியாணி, பாரிஸ், இரவு வேலை எல்லாம் நான் சமைத்தது.

அந்தக் கடன் எங்களுடையது இல்லை என்று அவளே சொன்னாள். பத்து நாளில் என் பெயர் போட்ட புது அட்டை வந்தது. பழையதைக் கத்தரியால் வெட்டிப் போட்டேன். கரண்டுக்கு நீலத் தாள்காரரிடம் மாறிவிட்டோம். விசாவைப் பற்றிக் கண்ட கண்ட ஆட்களிடம் கேட்காமல் கோவிலில் பழக்கமான ஒருவரோடு வியாழக்கிழமை சட்டத்தரணியிடம் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. பின்னறையை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். வருவேனா என்று தெரியாது, ஆனால் இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

இன்னொன்று சொல்லவேண்டும். புது அட்டை வந்த கிழமையில் திரும்பவும் நல்ல குளிர். பத்துப் பவுண் ஏற்றி ஹீற்றரைப் போட்டேன். பின்னேரம் டினோஷாவை நேர்சரியால் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்கச் சூடு. அவள் வழக்கம்போல நேரே போய்க் கதிரையில் இருந்து டிவியைப் போட்டாள். கோட்டைக் கழற்று மகள் என்றேன். கழற்றவில்லை. நானே போய்ப் பொத்தானை ஒவ்வொன்றாகத் திறந்து எடுத்தேன். குளிர் தொடங்கிய நாளிலிருந்து அவள் கோட்டைக் கழற்றியது மற்றவர்களின் வீட்டுக்குப் போன இடங்களில் மட்டும்தான். எனக்கு அதுவரை அது தெரியவில்லை.

அவள் கை இரண்டையும் நீட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோலக் கேட்டாள். "அம்மா, நாம ஆருட வீட்ட வந்திரிக்கம்?"

உங்கள் தங்கச்சி,
இமெல்டா